தேங்க்ஃபுல் பார்லோ யார் மகள்

தேங்க்ஃபுல் பார்லோ செத்து இருநூற்றைம்பது வருஷம் ஆகிறது. அவள் யார் மகள் என்று கண்டுபிடித்துச் சொல்லும் வேலை, மைசூரில் ஹெப்பாள் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் உட்கார்ந்திருந்த வரத்துக்கு வந்து சேர்ந்தது.

அந்தக் கம்பெனிக்குத் தொழிலே அதுதான். அமெரிக்காவில் இருப்பவர்கள் தங்கள் பாட்டன் பூட்டன் யார் என்று கேட்டு எழுதுவார்கள். இங்கே பதினைந்து பேர் உட்கார்ந்து அந்த ஊர்களின் பழைய சர்ச் பதிவு, கோர்ட் பதிவு, நிலப் பத்திரம், கல்லறைக் கல்லின் படம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் திரையில் புரட்டிப் பதில் எழுதுவார்கள். எதிர்ச் சாலையில் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி. அங்கே இருப்பவர்கள் வரப்போகிற காலத்துக்கு உழைக்கிறார்கள், நாம் போன காலத்துக்கு உழைக்கிறோம், சம்பளமும் அந்தந்தக் காலத்துச் சம்பளம் என்று பக்கத்து நாற்காலி ராணி சொல்வாள்.

வரத்துக்கு இந்த வேலை ஒத்துப்போனது. செத்தவர்களோடு பழகுவது எளிது. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்கமாட்டார்கள்.

தேங்க்ஃபுல்லைப் பற்றிக் கேட்டவள் ஒஹையோ மாநிலத்தில் இருந்த மார்ஜரி டன்லப். எண்பத்தொரு வயது. தானே முயன்று தாய், தாயின் தாய் என்று மேலே ஏறிக்கொண்டே போயிருக்கிறாள். மாசச்சூசெட்ஸின் மேற்கே ஓர் ஆற்றங்கரை ஊரில், 1723-ல் தேங்க்ஃபுல் பார்லோ என்ற பெண்ணுக்குக் கல்யாணம் நடந்த இடத்தில் வழி நின்றுவிட்டது. அந்தப் பெண் எங்கிருந்து வந்தாள், பெற்றவர்கள் யார், ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நிபுணர்கள் கைவிரித்துவிட்டார்கள். ‘இதில் எனக்குச் சொத்து ஒன்றும் வராது. அவள் இன்னார் பெண் என்று ஒரு பேர் தெரிந்தால் போதும்’ என்று எழுதியிருந்தாள் மார்ஜரி.

“நன்றியுள்ளவள்னு ஒரு பேரா?” என்றாள் ராணி. “கூடப் பொறந்தவ பேரு என்னங்க, பொறுமையா?”

“அமைதின்னு ஒருத்தி இருக்கா. பக்கத்து வீடு.”

“எங்க கொள்ளேகால்ல அந்தப் பேரு வெச்சா புள்ள ஊரையே கூட்டிரும்.”

வரத் சிரிக்கவில்லை. சிரிக்கக்கூடாது என்றில்லை. போன மழைக்காலத்துக்குப் பிறகு அது வருவதில்லை.

போன மழைக்காலத்தில்தான் அவன் மனைவி ஸுப்ரஜா காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பவில்லை. காரியங்கள் முடிந்ததும் அவளுடைய அக்கா வத்ஸலா, குழந்தை அபூர்வாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேல்கோட்டைக்குப் போய்விட்டாள். யாரும் வரத்தைக் கேட்கவில்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை. தாயில்லாக் குழந்தை தாய்வழியில் வளரும். அவர்கள் குடும்பங்களில் அது உட்கார்ந்து பேச வேண்டிய விஷயமே இல்லை. மழை பெய்தால் குடை விரிப்பது மாதிரி.

முதலில் வாராவாரம் பஸ் ஏறி மேல்கோட்டை போனான். பிறகு ஒன்றுவிட்டு ஒரு வாரம். பிறகு மாதம் ஒரு தடவை. அபூர்வாவுக்கு நாலு வயது முடிந்திருந்தது. வீட்டில் எல்லாரும் அவனை வரத் என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவளும் ‘வரத்-அப்பா’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

வத்ஸலாவுக்குக் குழந்தை இல்லை. அவள் கணவர் ஆழ்வார், சமஸ்கிருத வாத்தியார். நல்ல மனிதர். யாரையும் நோகடிக்காமல் பேசுவதற்காகவே ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை ஆரம்பிப்பார். அவர்தான் அந்த மாதம் போன் செய்தார்.

“வரத், ஒரு சமாசாரம். அதாவது, நல்ல சமாசாரம்தான். எனக்கு டெல்லியில வேலை ஆயிருக்கு. ஜூன்ல போறோம்.”

“சரி, அத்திம்பேர்.”

“குழந்தையும் எங்களோட வருவா. அங்கே ஸ்கூல்ல சேக்கணும்னா தாய் தகப்பன் பேர் கேக்கறா. பெரியப்பான்னு சொன்னா நூறு கேள்வி. அதனால வத்ஸலா என்ன சொல்றான்னா, முறைப்படி தத்து எடுத்துண்டுடலாம்னு. பாண்டவபுரத்துல பதிவு பண்ணிடலாம். உங்களுக்கும் வயசு இருக்கு. நாளைக்கு ஒரு கல்யாணம், காட்சின்னா…”

“சரி.”

“யோசிச்சுச் சொல்லுங்கோ.”

“இல்லை, சரிதான்.”

இப்படித்தான் அவன் எல்லாவற்றுக்கும் சரி சொல்லிக்கொண்டிருந்தான். ஸுப்ரஜாவின் புடவைகளை என்ன செய்வது என்று கேட்டபோதும் சரி என்றுதான் சொன்னான். கேட்டவர்கள் குழம்பிப் போனார்கள்.

பதிவுக்கு மே மாதக் கடைசித் திங்கட்கிழமை குறித்தார்கள். அதற்குள் தேங்க்ஃபுல் விஷயத்தை முடித்துவிடலாம் என்று வரத் நினைத்தான்.

பாதி வழி கிடைத்தது. மாசச்சூசெட்ஸின் கடலோரத்தில், அந்த ஆற்றங்கரைக்கு நூறு மைல் கிழக்கே ஓர் ஊர். அங்கே ஜோனஸ் பார்லோ என்று ஒருவன் மரப்பீப்பாய் செய்து பிழைத்திருக்கிறான். அவனுக்கும் மெர்சி என்ற மனைவிக்கும் 1702-ல் தேங்க்ஃபுல் என்று ஒரு பெண் பிறந்தது. வயது பொருந்தியது. பெயர் பொருந்தியது. ஆனால் குழந்தைக்கு நாலு வயதில் மெர்சி இறந்துவிட்டாள். அடுத்த வருஷமே ஜோனஸ், ஹன்னா என்பவளைக் கட்டிக்கொண்டான். 1713-ல் ஜோனஸும் இறந்தான். அதோடு அந்தப் பெண்ணைக் காணவில்லை. பத்து வருஷம் கழித்து நூறு மைலுக்கு அப்பால் அதே பெயரில் ஒருத்திக்குக் கல்யாணம். இரண்டு பேரும் ஒருத்திதானா? பேர் ஒன்றாக இருப்பது போதாது. நடுவில் இருக்கும் பத்து வருஷத்தில் அவள் எங்கே இருந்தாள் என்று காட்ட வேண்டும்.

வரத் ஒழுங்கான ஆள். மெர்சியின் அண்ணன், தம்பி, பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்ட தங்கை, சித்தப்பா என்று ஒவ்வொரு வீடாகப் பதிவுகளைத் தேடினான். மூன்று வாரம் போயிற்று. பெண் எங்கும் இல்லை. கடைசியில், ‘பெற்றோரை நிறுவ முடியவில்லை’ என்று அறிக்கை எழுதிவிட்டான்.

அந்தக் கம்பெனியில் எந்த அறிக்கையும் நேராக வெளியே போகாது. எழுதியவர் அதை இன்னொருவர் முன்னால் வைக்க வேண்டும். அவருக்கு வேலை அதை உடைப்பது மட்டும்தான். பாராட்டக் கூடாது, இரக்கப்படக் கூடாது. உடையாவிட்டால் அனுப்பலாம். உடைந்தால் திரும்பப் போய்த் தேடவேண்டும். உடைப்பதில் ராணிக்கு நிகர் யாரும் இல்லை. போன மாதம் டீம் லீடர் கணேஷ்குமாரின் அறிக்கையை டீ ஆறுவதற்குள் உடைத்து அவன் கையில் கொடுத்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் வரத்தின் அறிக்கை அவளிடம் போனது. அன்றைக்குத்தான் திங்கட்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்திருந்தான்.

“லீவு எதுக்குங்க?” என்றாள் ராணி, காகிதங்களைப் பரப்பிக்கொண்டே.

“ரிஜிஸ்டர் ஆபீஸ்.”

“வீடு வாங்கறீங்களா? சொல்லவே இல்ல.”

“இல்லை. பொண்ணைத் தத்துக் குடுக்கறேன்.”

ராணியின் கை நின்றது. அறிக்கையைக் குனிந்து படித்தாள். வழக்கத்தைவிட நிதானமாகப் படித்தாள்.

“தேடுன வீடுகளப் பாக்கறேன். தாய்மாமன், தாய்மாமன், சித்தி, சின்னத் தாத்தா. எல்லாமே அம்மா வழி.”

“ஆமா.”

“அப்பன் செத்தப்ப அந்த வீட்டுல யாரு இருந்தாங்க?”

“ரெண்டாவது மனைவி. ஹன்னா.”

“அப்புறம் அவ என்னானா?”

“விதவை.”

“அது என்னங்க, உத்தியோகமா? என்னானான்னு கேட்டேன்.”

வரத் தன் குறிப்புகளைப் பார்த்தான். ஹன்னாவின் பெயருக்கு எதிரே ஜோனஸ் இறந்த வருஷத்தைப் போட்டு அடியில் கோடு இழுத்திருந்தான். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

“இறந்த தேதி கிடைக்கலை” என்றான்.

“இறந்த தேதிய நான் கேக்கல. ஜோனஸ் மறுபடி கட்டிக்கிட்டது தேதியோட எழுதியிருக்கீங்க. அந்தம்மாவுக்கு மட்டும் ஏன் தேடல? அங்க ஆம்பள பொம்பள ரெண்டு பேருமே சட்டுனு மறுபடி கட்டிக்குவாங்கன்னு புதுசா சேர்றவங்களுக்கு யாருங்க பாடம் எடுக்கறது? நீங்கதானே?”

அவன்தான். போன வாரம்கூட எடுத்தான். தெரியாமல் இல்லை. ஆனால் அவன் வளர்ந்த வீட்டில் ஒருத்தி விதவையாகிவிட்டால் அவளைப் பற்றிய சேதி அதோடு தீர்ந்துவிடும்; இறந்த தேதி மட்டும் பாக்கி இருக்கும். பாடம் ஒரு பக்கம் இருக்க, கை அந்த வழக்கப்படி கோடு இழுத்துவிட்டது.

“சரி, கட்டிக்கிட்டான்னே வெச்சுக்கோ” என்றான். “மூத்தாள் பொண்ணை எதுக்குக் கூட கூட்டிட்டுப் போகணும்? அம்மா மனுஷா அத்தனை பேர் இருக்கறப்போ?”

“அத நீங்க நிரூபிக்கணும். இதோ, ரெண்டாவது பக்கத்துல எழுதியிருக்கீங்க. ‘தாயை இழந்த குழந்தை இயல்பாகவே தாயின் உறவினரிடம் வளர்ந்திருக்கும்.’ இயல்பாவேன்னா என்னங்க? எந்த ஊரு இயல்பு? இதுக்கு எதிர்ச்சாட்சி வேணும்னா நானே இருக்கேன்.”

“நீயா?”

“எனக்கு ரெண்டு வயசுல எங்கம்மா போயிட்டா. எங்கப்பாரு கொள்ளேகால் மார்க்கெட்ல மூட்டை தூக்குனாரு. என்னையும் தூக்கிட்டுப் போவாரு. வெங்காய மூட்டை மேல தூங்கியே வளந்தேன். அம்மாச்சி வந்து கேட்டாங்க, குடுக்கல. மறுபடி ஆளுகளக் கூட்டியாந்து கேட்டாங்க, அப்பவும் குடுக்கல.”

“ஏன்?”

“பெரியவளானப்புறம் நானும் கேட்டேன். ‘உன்னையக் குடுத்துட்டு ஊட்டுக்குப் போய் என்ன பண்றது’ன்னாரு. அம்புட்டுத்தான் காரணம்.”

அவள் அறிக்கையின் தலைப்பில் ‘உடைந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவன் பக்கம் தள்ளினாள். தத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்து போகும்போது மட்டும், “வெங்காய வாசம் இன்னும் போகல, மோந்து பாருங்க” என்று கையை நீட்டிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை ஹன்னாவைத் தேடினான். டிபன் நேரத்துக்குள் கிடைத்துவிட்டாள். இத்தனை நாளும் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தவள் மாதிரி. 1715-ல் அவள் எபனேசர் கோல் என்ற கொல்லனைக் கட்டிக்கொண்டாள். அந்த வருஷமே கோல் தன் பட்டறையை விற்றிருக்கிறான். வாங்கியவன் பெயர், விலை, காரணம் எல்லாம் பத்திரத்தில் இருந்தது. காரணம், மேற்கே ஓர் ஆற்றங்கரை ஊருக்குக் குடிபோவது.

ஆற்றங்கரை ஊர். மார்ஜரியின் ஊர்.

வரத் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து ஜன்னல் வரை போய் வந்தான். ஹன்னா போனது தெரிந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்ணும் போனாளா என்பது இன்னும் தெரியவில்லை.

அந்தப் பகுதியின் வாரிசுக் கோர்ட் பதிவுகள் படமாக இருந்தன. பெயர் வரிசை எதுவும் கிடையாது. ஒவ்வொரு பக்கமாகக் கண்ணால் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான். சாயங்காலம்வரை பார்த்தான். சனிக்கிழமை ஆபீஸ் கிடையாது; காவலாளியிடம் சாவி வாங்கிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தான். மை கசிந்து மறுபக்கத்து எழுத்தெல்லாம் இந்தப் பக்கம் தெரிந்தது. பன்றியைக் கொன்றதற்கு வழக்கு. வேலி தகராறு. ஒரு கிழவன் தன் நல்ல கம்பளியை யாருக்குக் கொடுப்பது என்று மூன்று தடவை மாற்றி எழுதியிருந்தான்.

பதினொரு மணி வாக்கில் அவள் வந்தாள்.

‘காலஞ்சென்ற ஜோனஸ் பார்லோவின் மகள் தேங்க்ஃபுல், பதினான்கு வயது நிரம்பியவள், நீதிபதி முன் நேரில் வந்து, எபனேசர் கோலைத் தன் காப்பாளராகத் தேர்ந்தெடுத்தாள்.’

1717. அவளுக்கு எழுதத் தெரியாது போலிருக்கிறது. பெயருக்குப் பதில் ஒரு குறி. கையை ஊன்றிப் போட்டிருக்கிறாள். மை கனமாக விழுந்திருந்தது.

அந்த ஊர்ச் சட்டம் வரத்துக்குத் தெரியும். தகப்பனை இழந்த பிள்ளைக்குப் பதினாலு வயது ஆகிவிட்டால் தன்னைப் பார்த்துக்கொள்கிறவர் யார் என்று அதுவே சொல்லலாம். தாய்மாமன்கள் இருந்தார்கள். சித்தி இருந்தாள். அவள் யாரையும் சொல்லவில்லை. மாற்றாந்தாயின் இரண்டாவது புருஷனைச் சொல்லியிருக்கிறாள். ரத்தத்தில் அவனும் ஒன்றுமில்லை, ஹன்னாவும் ஒன்றுமில்லை. ஆனால் ஐந்து வயதிலிருந்து சோறு போட்டவள் ஹன்னா. ஜோனஸ் குழந்தையை எங்கும் அனுப்பாமல் வீட்டிலேயே வைத்திருந்ததால்தான் ஹன்னா சோறு போட முடிந்தது.

இன்னொன்றையும் அவன் பார்த்தான். ஜோனஸ் செத்து நாலு வருஷம். பெண் கோல் வீட்டில் வளர்கிறாள், கோல் கொடுப்பதைச் சாப்பிடுகிறாள். ஆனாலும் குமாஸ்தா ‘ஜோனஸ் பார்லோவின் மகள்’ என்றுதான் எழுதியிருக்கிறான். அந்தக் காலத்தில் அங்கே தத்துக்குச் சட்டம் கிடையாது. காப்பாளர்தான். யார் வளர்த்தாலும் யார் பெற்றது என்பது அழியாது. அந்த ஒரு வரி மாறியிருந்தால் மார்ஜரி வேறு யாரோ ஒரு கொல்லனின் வம்சத்தைத் தன் வம்சம் என்று நம்பிக்கொண்டு போயிருப்பாள். மெர்சி என்று ஒருத்தி இருந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது.

பக்கத்தைப் படமெடுத்து ராணிக்கு அனுப்பினான். சேர்த்து மற்றவற்றையும் அனுப்பினான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பதில் வந்தது. ‘ரொம்ப முயற்சி பண்ணேன். உடையல.’

மார்ஜரிக்கு எழுதினான். பிறகு கணேஷ்குமாரைப் போனில் கூப்பிட்டான்.

“காலை ஷிஃப்டுக்கு மாத்திக்கலாமா?”

“மாத்திக்கலாம் குரு. யாரும் கேக்கறதே இல்லை அந்த ஷிஃப்டை. எதுக்கு?”

“பொண்ணு வரா.”

சொன்ன பிறகுதான் அவனுக்கே தெரிந்தது.

“யாரு, உன் மகளா?” என்றான் கணேஷ்குமார். லீவு மனுவில் அவனும் கையெழுத்துப் போட்டிருந்தான். “ஆய்த்து குரு, சரி. திங்கட்கிழமை லீவை என்ன பண்றது?”

“இருக்கட்டும். கட்டில் வாங்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை காலை மேல்கோட்டை பஸ்ஸில் மார்ஜரியின் பதில் வந்தது. நீளமில்லை. ‘ஆக, அவள் ஜோனஸ் பெண். காலையிலிருந்து சமையலறையில் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் பூனை என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறது.’ அதைப் படித்தபோது வரத்தின் வாயோரம் கொஞ்சம் நகர்ந்தது. பக்கத்து சீட்டுக்காரர் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறான் என்று நினைத்து அவரும் சிரித்தார்.

வத்ஸலாவின் வீட்டுக் கூடத்தில் மேஜைமேல் தத்துப் பத்திரத்தின் நகல் இருந்தது. ஆழ்வார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கன்னட வாசகத்தில் பிழை பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வத்ஸலா பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்தாள். அபூர்வா எதிர்வீட்டு நஞ்சம்மாவின் நாய்க்குட்டியைப் பார்க்கப் போயிருந்தாள்.

“வாங்கோ, வாங்கோ. உங்க அப்பா பேர் சரியா இருக்கான்னு பாத்துடுங்கோ. அதாவது, எழுத்து…”

“அத்திம்பேர், நான் கையெழுத்துப் போடலை.”

“இன்னிக்கு இல்லை. நாளைக்குத்தானே போடணும்.”

“நாளைக்கும்.”

ஆழ்வார் கண்ணாடியைக் கழற்றினார். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. வத்ஸலா ஈரக்கையோடு வந்து நிலைப்படியில் நின்றாள்.

“என்ன சொல்றார்?”

“அக்கா, அபூர்வா என்னோட இருக்கட்டும்.”

வத்ஸலா புடவைத் தலைப்பில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டாள்.

“இத்தனை நாள் எங்கே போயிருந்தது இந்த ஞானம்?”

“தெரியலை.”

“மாசம் ஒரு தடவை வரேள். கதவோரமா உக்காந்துண்டு போனைப் பாக்கறேள். காப்பி குடுத்தா குடிக்கறேள். குடுக்காட்டா கேக்கமாட்டேள். அவளுக்கு எதைக் கண்டா பயம்னு தெரியுமோ உங்களுக்கு?”

“தெரியாது.”

“மிக்ஸி சத்தம். ராத்திரி எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பா?”

“தெரியாது.”

“தெரியாது, தெரியாது. இதை வெச்சுண்டு ஆம்பளை ஒண்டியா எப்படி வளப்பேள்?”

“கத்துக்கறேன். காலை ஷிஃப்ட் வாங்கிண்டேன். ஆபீஸ் பக்கத்துல குழந்தைகளைப் பாத்துக்கற இடம் இருக்கு. சமைக்கற தேவம்மா சாயங்காலமும் வரேன்னா.”

“எல்லாம் ஏற்பாடு பண்ணிண்டு வந்திருக்கார்” என்றாள் வத்ஸலா கணவரிடம். குரல் உடைந்தது. “அவ என் தங்கை பொண்ணு.”

“அதைத்தான் சொல்றேன் அக்கா” என்றான் வரத். பத்திரத்தைக் கையில் எடுத்தான். “இதுல கையெழுத்துப் போட்டா அப்படி இல்லை. காகிதத்துல நீங்கதான் அம்மா. அப்புறம் இவளுக்குப் பெரியம்மா கிடையாது. ஸுப்ரஜான்னு ஒருத்தி எங்கேயும் கிடையாது. நான் பாக்கற வேலை அது. காகிதத்துல இல்லாதவாளை யாராலயும் கண்டுபிடிக்க முடியாது.”

அந்தப் பெயரை அவன் அந்த வீட்டில் சொல்லி எத்தனையோ மாதமாகிவிட்டது. வத்ஸலா நிலைப்படியிலேயே உட்கார்ந்தாள். ஆழ்வார் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தலையைத் தொட்டார்.

வத்ஸலா கேட்டாள். “அப்போ நான் யாரு அவளுக்கு?”

“பெரியம்மா. நான் இல்லாத நாள்ல வளத்தவ. அவளுக்குப் பதினாலு வயசாகட்டும். யார்கிட்ட இருக்கணும்னு அவளே சொல்லட்டும். உங்களைச் சொன்னா நானே கொண்டுவந்து விடறேன். அதுவரைக்கும் யாராவது ஒருத்தர் அவளை அவ ஆத்துலயே வெச்சிருக்கணும். அது நான்தான்.”

“பதினாலா? இது எந்தச் சாஸ்திரக் கணக்கு?”

“மாசச்சூசெட்ஸ்.”

ஆழ்வாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வத்ஸலா அவரை முறைத்தாள். முறைத்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“டெல்லிக்கு லீவுக்கு அனுப்பணும்” என்றாள்.

“அனுப்பறேன்.”

“சும்மா தலையாட்டாதேங்கோ. உங்க தலையாட்டலை நான் பாத்திருக்கேன். லீவு முழுக்க.”

“முழுக்க முடியாது. பத்து நாள்.”

வத்ஸலா நிமிர்ந்து பார்த்தாள். அவன் முடியாது என்று சொல்லி அவள் கேட்டதில்லை.

“இருபது.”

“பதினஞ்சு.”

“பதினஞ்சு நாளும் போற வர நாளும்.”

“ஆகட்டும்.”

“புதன்கிழமை நாங்களே கூட்டிண்டு வரோம். ஒரு வாரம் நான் உங்காத்துல இருப்பேன், அவ பழகற வரைக்கும். ஆத்துல எத்தனை ஒட்டடையோ.” அவள் எழுந்துகொண்டாள். “மொதல்ல அவளுக்குத் தலை வாரிப் பின்னக் கத்துக்கோங்கோ. கோலம் மாதிரி வாயால சொல்லிக் குடுக்க முடியாது.”

வாசல் பக்கம் போய் அபூர்வாவைக் கூப்பிட்டாள். குழந்தை காலெல்லாம் மண்ணோடு வந்தது. வரத்தைப் பார்த்து, “வரத்-அப்பா, நாய்க்குட்டி கண்ணைத் திறந்துடுத்து” என்று தகவல் சொன்னது. வத்ஸலா அதன் காலைக் கழுவி, அவனுக்கு முன்னால் உட்கார்த்தி, அவன் கையில் சீப்பையும் ரிப்பனையும் கொடுத்தாள். பிறகு தூணோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், பரீட்சை வைக்கிறவள் மாதிரி.

அவன் வகிடு எடுத்தான். வகிடு பாதிவழியில் இடது பக்கம் போய்விட்டது. முடியை மூன்றாகப் பிரித்தான். நடுவில் ஒன்று நழுவியது.

“வலிக்கறது.”

“மெதுவாப் பண்றேன்.”

“நீ ஏன் பின்னறே?”

“இனிமே நான்தான். புதன்கிழமையிலேர்ந்து நீ எங்காத்துல இருக்கப்போறே. நம்மாத்துல.”

குழந்தை இதை யோசித்தது. “நாய்க்குட்டி?”

“அது நஞ்சம்மாவோடது.”

“பெரியம்மா?”

“ஒரு வாரம் இருப்பா. அப்புறம் டெல்லிக்குப் போய் உன்னைக் கூப்பிடுவா.”

அபூர்வா பின்னலைத் தோளுக்கு முன்னால் இழுத்துப் பார்த்தாள். ரிப்பன் ஒரு பக்கம் நீளமாகத் தொங்கியது. நுனி அதற்குள் பிரிய ஆரம்பித்திருந்தது.

“பெரியம்மா ஒரே தடவையில பின்னிடுவா” என்றாள்.

“எனக்கு ரெண்டு தடவை ஆகும்.”

“ரெண்டுதானா?”

“மூணும் ஆகலாம்.”

அவள் பெருமூச்சு விட்டு, சம்மணத்தைச் சரிசெய்துகொண்டு, மறுபடி முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வரத் ரிப்பனை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, வகிட்டிலிருந்து ஆரம்பித்தான்.